வாளியும் பதினோராம் விதியும்

நகரசபைக் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அப்பா திம்புள்ளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட மாஸ்டர். எங்கள் குடும்பத்தின் பிரஜாவுரிமை விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்ததால் எனக்கு நிரந்தர நியமனம் தர முடியாது என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக வேலை. அந்தப் புதுப்பிப்புக் கடிதத்தையும் நானேதான் தட்டச்சு செய்து, செயலாளரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவேன். அவர் ஒவ்வொரு முறையும் ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

செயலாளர் ஐம்பது தாண்டிய சிங்களவர். மெல்லிய குரல். என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை பழைய நீலக் கட்டுப் புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்தார். நகரசபை பொருள்கள் வாங்குவதற்கும் வேலைகளைக் கொந்தராத்து ஒப்பந்தத்துக்குக் கொடுப்பதற்குமான விதிகள். வெள்ளைக்காரத் துரைமார் சபையில் இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. அவற்றைத் திருத்தி எழுதி அனுப்பும்படி கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது.

"முதலில் இருப்பதை அப்படியே அடியுங்கள், மிஸ். இடைவெளி விட்டு அடியுங்கள். திருத்தங்களை அந்த இடைவெளியில் எழுதலாம்."

நான் அடித்தேன். கேள்வி அறிவித்தல், அதாவது விலை கேட்கும் டெண்டர் அறிவித்தல், கந்தோர்ப் பலகையில் இங்கிலீஷில் ஒட்டப்பட வேண்டும். விலைகள் முத்திரையிட்ட உறையில் வர வேண்டும். பதினோராம் விதி ஒரே வரி: வந்தவற்றுள் ஆகக் குறைந்த விலையே ஏற்றுக்கொள்ளப்படும். அந்த வரியை அடித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நியாயமான விதியாகத்தான் பட்டது. ஊர்ப்பணத்தில் வாங்குகிறவர்கள் மலிவாக வாங்கத்தானே வேண்டும்.

அதே கிழமையில், இரண்டு நாள் கழித்துத்தான் அவள் வந்தாள்.

முதலில் என் காதில் விழுந்தது பெரிய கிளாக்கரின் சத்தம். "ஏய், அதத் தூக்கிட்டு அங்கிட்டுப் போ. இது கந்தோர்." எட்டிப் பார்த்தேன். வாசல் படிக்குக் கீழே, மழை நீர் ஓடும் காணுக்கு அப்பால், நகரசபைச் சுத்திகரிப்பு வேலைசெய்யும் பெண்ணொருத்தி நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் சாக்கு மடிப்பு. காலடியில் ஒரு தகர வாளி.

அந்தக் காலத்தில் பட்டணத்துக் கக்கூஸ்கள் எல்லாம் வாளிக் கக்கூஸ்கள். விடியும்முன் இவர்கள் பின்சந்துகளால் வந்து வாளிகளை எடுத்துப்போய் வண்டியில் கொட்டுவார்கள். எங்கள் பட்டணம் மலைச்சரிவில் கட்டியது. மார்க்கெட்டுக்குப் பின்னாலும் ஸ்டேஷனுக்கு மேலேயும் இருந்த வீடுகளுக்கு வண்டி போகாது, படிக்கட்டுதான். அங்கேயெல்லாம் வாளியைத் தலையில் வைத்துத்தான் இறக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நான் வெளியே போனேன். "என்ன அக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா என்றது அவளுக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது. "கழுவித்தாம்மா கொண்டாந்தேன், பயப்படாதீங்க. இத செகட்டரி ஐயாகிட்ட காட்டணும். புதுசா வந்த வாளிதான். ரெண்டு மாசங்கூட ஆகலைங்க."

காணோரத்துப் பைப்பில் வாளியை நிரப்பித் தூக்கிப் பிடித்தாள். அடித்தட்டு ஒட்டிய இடத்திலிருந்து நீர் நூலாக இறங்கியது. பிறகு திரும்பி நின்று, கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினாள். பிடரியிலிருந்து தோள்வரை தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது. சில இடத்தில் சலம் கட்டிச் சீழ் வைத்திருந்தது.

"தண்ணியில கழுவுறோம், மஞ்சளும் பூசுறோம். மறுநாளும் அது மேலேயே ஒழுகுதுங்க. வீட்டுல கைப்புள்ள இருக்கு. எங்க லயத்துப் பைப்புல பகல்லதான் தண்ணி வரும். அதுவரைக்கும் புள்ளைய தூக்காம அழவிட்டு ஒக்காந்திருக்கேன்."

பெரிய கிளாக்கர் உள்ளேயிருந்து, "ஓவசியர்கிட்ட சொல்லச் சொல்லுங்க பிள்ள," என்றார்.

"அவருகிட்ட சொல்லாமலா இருப்போம்," என்றாள் அவள். "அவரும் எழுதிப் போட்டாராமே. இத வாங்குறவுங்க ஒருநாளாவது தூக்கிப் பாத்திருப்பாங்களாம்மா?"

அவள் வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் வாளிக் கோப்பைத் தேடி எடுத்தேன். யாரோ திருடியிருப்பார்கள், யாரோ கையூட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் திறந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருசமும் கேள்வி கோரியிருந்தார்கள். ஒவ்வொரு வருசமும் அதே கொந்தராத்துக்காரர் ஆகக் குறைந்த விலை எழுதியிருந்தார். விதிப்படி அவருக்கே கிடைத்திருந்தது. தகரம் மெல்லியது, அடி ஒழுகுகிறது என்று சுத்திகரிப்பு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் மூன்று தடவை குறிப்பு எழுதியிருந்தார். மூன்றுக்கும் கீழே ஒரே பதில்: பதினோராம் விதியைப் பார்க்கவும். அந்தப் பதில்களில் கடைசி இரண்டும் செயலாளருடைய கையெழுத்து.

கோப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் கழுத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று மாதத் தவணையில் வேலைசெய்யும் ஒருத்தி செயலாளரிடம் அவருடைய குறிப்பைக் காட்டிப் பேசுகிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இதை எழுதியபோது வாளியைப் பார்க்கவில்லை," என்றார். "சரி. விதியைத்தான் இப்போது திருத்துகிறோமே. பதினோராம் விதியை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்."

மறுநாள் கொண்டுபோனேன். "தரமான பொருள்களுள் ஆகக் குறைந்த விலை" என்று எழுதியிருந்தேன்.

"தரமானது என்று யார் சொல்வது?" என்று கேட்டார்.

"ஓவசியர்."

"அவர் வாளியைப் பார்ப்பார். அது ஒழுகும் என்று கடையில் வைத்துப் பார்த்தால் தெரியுமா? நல்ல வாளி எப்படி இருக்கும், மிஸ்? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். தனக்கும் தெரியாது என்றார். தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதும்படி சொன்னார்.

அப்படித்தான் முதன்முறையாகச் சுத்திகரிப்புத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குக் கீழே, ஆற்றோரத்தில், கந்தோரிலிருந்து பத்து நிமிசம்கூட இல்லை. நான் பிறந்ததும் தோட்டத்து லயத்தில்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில்கூட, வாசல் கூட்டுகிறவருக்கும் கக்கூஸ் கழுவுகிறவருக்கும் தனி லயம், தனிப் பைப்பு. மாதா கோயிலில் ஜெபிக்கிற எங்கள் வீட்டிலும் அவர்களுக்குத் தனிக் குவளை இருந்தது. அதை நாங்கள் யாரும் பேசியதில்லை.

அவள் வாசலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, துணியால் துடைத்து, என்னை உட்காரச் சொன்னாள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நல்ல வாளி எப்புடின்னா கேக்குறீங்க?" அவள் சிரித்தாள். "எங்கிட்டயா?"

பக்கத்துக் காம்பிரா அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். தகரம் கையால் அமுக்கினால் குழியக் கூடாது. அடித்தட்டை மடித்துச் சேர்த்து, உள்ளேயும் வெளியேயும் ஈயம் பற்றவைத்திருக்க வேண்டும். கைப்பிடி மாட்டுகிற காதுக்கு இரண்டு ஆணியாவது வேண்டும்; ஒரு ஆணி போட்டது படிக்கட்டில் பிடுங்கிக்கொண்டு வந்து ஒரு கிழவரின் கால்விரலை நசுக்கியிருந்தது. வாய் விளிம்பைச் சுருட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை வெட்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

"இதெல்லாம் எழுதுனாலும் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாதும்மா," என்றாள் அவள் கடைசியில். "காலையில தண்ணிய நெறச்சு வைங்க. அந்திக்கு அடியத் தடவிப் பாருங்க. பெறகு தூக்குறவுங்க கையில குடுத்துப் படியில எறங்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

நான் எழும்பினேன். அவள் தயங்கி, "தேத்தண்ணி குடுக்கலாம். நீங்க குடிப்பீங்களோ என்னமோ," என்றாள்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன் அக்கா," என்றேன்.

அது பொய். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். "சரிங்கம்மா," என்று பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். திரும்பி ஏறும்போது என் கையில் எழுதுபுத்தகம் நிறைந்திருந்தது. அந்தப் பொய்யைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒருநாளும் போகவில்லை.

புதிய பதினோராம் விதி அரைப்பக்கம் வந்தது. கேள்வி போடுகிறவர்கள் விலையோடு ஒரு மாதிரிப் பொருளையும் கொடுக்க வேண்டும். அதை ஒருநாள் முழுக்கச் சோதிக்க வேண்டும். அதைப் பாவிக்கப் போகிற தொழிலாளர் இருவர் பாவித்துப் பார்த்து, அவர்கள் சொல்வதை எழுதி வைக்க வேண்டும். தேறிய மாதிரிகளுக்குள்தான் குறைந்த விலையைப் பார்க்க வேண்டும். தேறிய மாதிரி செயலாளர் அறையில் முத்திரையோடு இருக்கும். பிறகு வருகிற சாமான் அதற்கு ஒத்திருக்க வேண்டும். இதோடு இன்னொரு திருத்தமும்: அறிவித்தல் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும், மார்க்கெட்டிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

விதிகளை ஆராயக் குழு கூடியது. சபைத் தலைவரும் இரண்டு அங்கத்தவர்களும். நான் மூலையில் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். கூட்டம் தொடங்குமுன் செயலாளர் ஒரு வேலை செய்தார். அவள் விட்டுப்போன வாளியைக் கொதிநீரில் கழுவச் சொல்லி, குடிதண்ணீர் நிரப்பி, அங்கத்தவர்களின் நாற்காலிகளுக்கிடையில் விரிப்பின்மேல் வைக்கச் செய்தார். என்ன என்று கேட்டதற்கு, "பதினோராம் விதிக்கு வரும்போது சொல்கிறேன்," என்றார்.

முதல் பத்து விதிகளுக்கு ஒரு மணித்தியாலம் போனது. மூன்று மொழி அறிவித்தல் வந்தபோது, சட்டம் சிங்களத்தைத்தானே கேட்கிறது என்றார் ஒரு அங்கத்தவர். கூட இரண்டு கடதாசி ஒட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்றார் செயலாளர். தலைவர் தலையாட்டினார்.

பதினோராம் விதியை வாசித்ததும் அதே அங்கத்தவர் கோபப்பட்டார். அவர் பெரிய கடைத்தெருவில் பங்களா வைத்திருந்தவர். "கக்கூஸ் கூலிகள் கேள்விக் குழுவில் உட்காருவதா? நாளைக்கு ரோட்டுக் கூலி வந்து தார் பிடிக்கவில்லை என்பான். இது என்ன சபை?"

"உட்கார மாட்டார்கள்," என்றார் செயலாளர். "நின்றுகொண்டு தூக்கிக் காட்டுவார்கள்."

மற்ற அங்கத்தவர் சிரித்தார். கோபப்பட்டவர் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் குனிந்து கீழே பார்த்தார். விரிப்பு நனைந்து அவர் சப்பாத்துவரை வந்திருந்தது. காலை இழுத்துக்கொண்டார்.

"தண்ணீர்தான், ஐயா," என்றார் செயலாளர். "இரண்டு மாதத்துக்கு முன்னால் சபை வாங்கிய வாளி. வாங்க அனுமதித்தவன் நான்தான். இது ஒரு பெண்ணின் தலையில் இருந்தது."

நான் எதைக் குறிப்பெடுப்பது என்று தெரியாமல் பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன். தலைவர் நாற்காலியைத் தள்ளி எழுந்து வாளியைத் தூக்கிப் பார்த்தார். அவர் சட்டைக் கையும் நனைந்தது. "இதை நிறைவேறியது என்று எழுதுங்கள், பிள்ளை," என்றார். கோபப்பட்டவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

தமிழ் அறிவித்தலை எழுதியது நான். அடுத்த கேள்விக்கு மூன்று மாதிரிகள் வந்தன: பழைய கொந்தராத்துக்காரருடையது ஒன்று, கொழும்பிலிருந்து ஒன்று, பஸ் நிலையத்துச் சந்தில் தகர விளக்கும் புனலும் செய்து விற்ற ஒருவருடையது ஒன்று. அவர் என் அறிவித்தலை வாசித்துவிட்டு வந்தவர். தோட்டத்திலிருந்து வந்து, சொந்தக் கையால் தொழில் பழகியவர். அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஜெபித்தேன்.

காலையில் மூன்றையும் நிரப்பிக் கந்தோர் விறாந்தையில் வைத்தோம். அந்தியில் பார்த்தால் கொழும்பு வாளியின் கீழே ஈரம். மற்ற இரண்டும் காய்ந்த தரையில் இருந்தன. பிறகு மார்க்கெட்டுக்குப் பின்படிக்கட்டுக்குப் போனோம். தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவளும் இன்னொரு ஆளும் அந்த இரண்டு வாளிகளையும் நீரோடு தலையில் ஏற்றி மேலிருந்து இறங்கினார்கள், திரும்ப ஏறினார்கள், வாளியை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார்கள்.

சந்துக்காரரின் வாளி இரண்டாம் தடவையில் காதுப் பக்கம் வளைந்தது. அவள் அதைக் கீழே வைத்து, வளைந்த இடத்தை விரலால் தடவினாள். செய்தவர் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு செயலாளரைப் பார்த்து, "இந்தக் காது தாங்காதுங்க ஐயா. மத்தது நல்லாருக்கு," என்றாள்.

நல்லாயிருந்தது பழைய கொந்தராத்துக்காரருடையது. இத்தனை வருசமும் ஒழுகும் வாளி கொடுத்த அதே ஆள், இந்தத் தடவை கனமான தகரத்தில், ஈயம் இருபக்கமும் பற்றவைத்து, விளிம்பு சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. கூட்டம் கலைந்தபிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "சந்துக்காரருக்கு இன்னொரு தடவை பாக்கலாம்ன்னு சொல்லியிருக்கலாமே அக்கா. அவரு நம்ம ஆளு."

"அவரு பாவந்தாம்மா," என்றாள். "ஆனா அந்தக் காது பிச்சுக்கிட்டு வந்தா என் தலையிலதான விழும்."



கொந்தராத்துக்காரர் உடன்படிக்கையில் கையெழுத்திட மறுகிழமை வந்தார். வயதானவர், நெற்றியில் திருநீறு, பேச்சு மிக மரியாதை. பத்திரத்தை நீட்டும்போது என்னால் அடக்க முடியவில்லை. "இவ்வளவு நல்ல வாளி உங்களால செய்ய முடியும்னா முன்னாடி ஏன் கொடுக்கல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பத்துல நல்ல வாளிக்குத்தான் வெல எழுதுனேன் பிள்ள. ஒரு வருசம் இன்னொருத்தன் கொறைச்சு எழுதி எடுத்துக்கிட்டான். மறு வருசம் நான் அதவிடக் கொறைச்சேன். வெலய எங்கேருந்து கொறைக்கிறது? தகரத்துலேருந்துதான். நீங்க கேட்டது மலிவான வாளி. நான் மலிவான வாளி கொடுத்தேன்." பேனாவைத் திறந்துகொண்டே, "அந்தப் பொண்ணு கழுத்தப் பத்தி ஓவசியர் இப்பத்தான் சொன்னாரு. நான் அதப் பாத்ததில்ல," என்றார்.

அவரை வெறுக்கத் தயாராக இருந்தேன். ஆனால் அவர் சொன்னதையே செயலாளரும் சொல்லியிருந்தார். நானும் சில மாதங்களுக்குமுன் அந்த வரியை அடித்துவிட்டு நியாயம் என்று நினைத்திருந்தேன். பத்திரத்தில் கையெழுத்து இட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

சந்துக்காரர் விடவில்லை. அடுத்த தடவை காதுக்கு உள்பக்கம் ஒரு பட்டை வைத்துக்கொண்டு வந்தார். கக்கூஸ் வாளிக் கேள்வி அவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. ஆனால் மார்க்கெட்டுக் குப்பைத் தகரங்களுக்கான கேள்வி கிடைத்தது. கந்தோருக்குள் முதன்முதலாக வந்தபோது செருப்பை வாசலில் கழற்றி வைத்தார். பெரிய கிளாக்கர் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

விதி எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. வாளி தலையில்தான் இருந்தது. லயத்துப் பைப்பில் விடியற்காலைத் தண்ணீர் வர இன்னும் இரண்டு வருசம் ஆனது. அந்த லயத்தில் பிரஜாவுரிமை பெற்று ஓட்டுப் போடுகிறவர்கள் அநேகமாக இல்லாததால் அதற்கு அவசரப்படவும் யாரும் இருக்கவில்லை. ஆனால் அவள் கழுத்துப் புண் ஆறியது. ஒருநாள் கந்தோர் ஜன்னலருகே நின்று, தானாகவே துணியை விலக்கிக் காட்டினாள். தழும்பு மட்டும் கறுப்பாக இருந்தது. "புள்ள இப்ப காலையிலேயே மேல ஏறுதும்மா," என்றாள்.

அதன்பிறகு சுத்திகரிப்புத் தொழிலாளருக்கு இது பழக்கமாகிவிட்டது. விளக்குமாறு வாங்கும்போது இரண்டுபேர் வந்து கந்தோர் முற்றத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, எது நிற்கும், எது உதிரும் என்று சொன்னார்கள். வண்டிச் சக்கரத்துக்கு வந்தார்கள். பெரிய கிளாக்கர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவர்கள் வருகிற நாளில் தானே அவர்கள் உட்கார விறாந்தை வாங்கை இழுத்துப் போட ஆரம்பித்தார்.

சிங்களத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்தான் வேண்டும் என்று அறிவித்தல் வந்த வருசம் என் வேலை முடிந்தது. செயலாளர் ஆறுமாதம் தள்ளிப்போட்டுப் பார்த்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. நான் அப்பாவின் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே உதவி ஆசிரியையாகப் போவதென்று முடிவாகியிருந்தது.

என் கடைசி மாதத்தில் மழைக்கோட்டு வாங்கக் கேள்வி கோரியிருந்தார்கள். அதுவரை சுத்திகரிப்புத் தொழிலாளருக்கு மழைக்கு ஒன்றும் கொடுத்ததில்லை. சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். மாதிரிகள் நான்கு வந்தன. தென்மேற்கு மழை பிடித்திருந்த நேரம், மலையே தெரியவில்லை. சோதனைக்குப் பைப்புத் தண்ணீர் தேவைப்படவில்லை. அவள் ஒரு ரப்பர்த் துணிக் கோட்டை மாட்டிக்கொண்டு, கந்தோர்க் கூரைப் பீலியிலிருந்து நீர் கொட்டுகிற இடத்தில் போய் நின்றாள். கால்மணித்தியாலம் நின்றிருப்பாள். நானும் செயலாளரும் பெரிய கிளாக்கரும் விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பீலி நீர் அவள் தலையில் விழுந்து இருபக்கமும் தெறித்தது. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு விறாந்தைக்கு ஏறி வந்து கோட்டைக் கழற்றினாள். ரவிக்கையின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். துணி காய்ந்திருந்தது. உடம்புச் சூடு கையில் தெரிந்தது.

"எழுதிக்கங்கம்மா," என்றாள். "இது நனையாது."

நான் எழுதினேன்.